பழைய செயின் சா: கட்டுவதா, பிரித்து விற்பதா

18 செப்டம்பர் 2025, பேராவூரணி

ஆவணம் கிராமத்துப் பக்கம் ஒரு காய்ந்த வாகை மரத்தைச் செயின் சாவால் அறுத்துக்கொண்டிருந்தோம். மிஷின் சத்தம் திடீரென்று கீச்சென ஏறியது, அடுத்த நொடி அப்படியே பிடித்துக்கொண்டது. செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பார் மரத்துக்குள் மாட்டியிருக்க, அறுபட்ட தண்டு உருண்டு பின்கைப்பிடி மேல் இறங்கிவிட்டது. சித்தப்பா மிஷினை விட்டுவிட்டு ஒதுங்கியதால் அவர் மேல் ஒரு கீறல்கூட இல்லை. அது போதும். கைப்பிடியும் அதோடு ஒரே துண்டாக வரும் பெட்ரோல் டேங்கும் நொறுங்கிப் போயின.

மிஷின் ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 382 மாடல், 72.2 சிசி. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் தோப்புகளைச் சாய்த்துப் போட்ட பிறகு, அப்பாவும் சித்தப்பாவும் பணம் சேர்த்து வாங்கியது. தெருவை அடைத்துக் கிடந்த தென்னைகளை அறுத்து வழிவிட்டது இதுதான். தென்னை லேசான மரம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அறுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே சோறாக இருந்தாலும் வெளிச்சுற்று இரும்பு மாதிரி. நார் கிளட்ச் கவருக்குள் சுருட்டிக்கொள்ளும், செயின் சீக்கிரமே மழுங்கிவிடும். அத்தனையும் தாங்கிய மிஷின்.

20 செப்டம்பர்

பட்டுக்கோட்டையில் மெக்கானிக் அண்ணன் கடை. சைலன்சரைக் கழற்றி அந்த வழியாக டார்ச் அடித்ததுமே பிஸ்டனில் கோடுகள் தெரிந்தன. வெளியே எடுத்தால் சைலன்சர் பக்கம் மட்டுமில்லை, கார்பரேட்டர் பக்கமும் கோடு. “தம்பி, காத்து லீக்குன்னா பெரும்பாலும் சைலன்சர் பக்கம்தான் உரசும். ரெண்டு பக்கமும் இப்படிக் கிழிச்சிருக்குன்னா ஆயிலே போகலை” என்றார்.

இந்த மிஷினுக்கு ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்துதான் ஊற்ற வேண்டும். ஆயில் கலந்த பெட்ரோல்தான் ஊற்றினோம் என்று சித்தப்பா சத்தியம் செய்தார். கேனை எடுத்து வரச் சொல்லி, மிச்சத்தைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்தோம். கொஞ்ச நேரத்தில் நடுவே ஒரு கோடு விழுந்தது. மேலே ஆயில் நிறம் ஏறிய பெட்ரோல், அடியில் நிறமே இல்லாத தண்ணி. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும், ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். மிஷின் பெட்ரோலை உறிஞ்சும் ஃபில்டர் கிடப்பதோ டேங்கின் அடியில், அதனால் ஆயில் இல்லாததைத்தான் குடித்திருக்கிறது. கேன் மூடியில் ரப்பர் இல்லை, கொட்டகையில் ஆடி மழையெல்லாம் பார்த்திருக்கிறது. சித்தப்பா சொன்னது பொய்யில்லை.

24 செப்டம்பர்

சிலிண்டர் பிழைக்குமா என்று இன்று பார்த்தோம். உள்சுவரில் இருக்கும் பூச்சு ரொம்பக் கடினம். பிஸ்டனின் அலுமினியம் உருகி அதன் மேல் ஒட்டியிருந்தால் கோடு மாதிரிதான் தெரியும், பூச்சே போய்விட்டதா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது. அண்ணன் கடைக்கு வெளியே காற்றோட்டத்தில் உட்கார்ந்து, காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஆசிட்டைத் தொட்டு அந்தக் கோட்டில் மட்டும் தடவினார். சுர்ரென்று நுரைத்தது, சாம்பல் நிறத்தில் கரைந்து வந்தது. துடைத்து, மறுபடி தடவி, நுரை நிற்கும் வரை பொறுமையாகச் செய்தார். சிலிண்டர் சுவரில் இருக்கும் வாய்களான போர்ட் ஓரத்தில் பூச்சு கிடையாது, அங்கே பட்டால் சிலிண்டரையே தின்றுவிடும். கடைசியில் தண்ணீர் விட்டுக் கழுவி விரல் விட்டுப் பார்த்தேன். நகம் எங்கேயும் மாட்டவில்லை. பூச்சு முழுசாக இருக்கு!

பிஸ்டன், ரிங், டேங்க் வாங்கினால் கட்டிவிடலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன்.

27 செப்டம்பர்

பிஸ்டன் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் சரியில்லை. அதையும் பிஸ்டனையும் இணைக்கும் கனெக்டிங் ராடு பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், மேலும் கீழும் ஆடவே கூடாது. இது டக் டக் என்று ஆடுகிறது. ஆயில் இல்லாத ஓட்டம் கீழ் பேரிங்கையும் விடவில்லை. இந்த மிஷினில் ராடை மட்டும் மாற்ற முடியாது, கிராங்கோடு சேர்த்துத்தான் வரும். அதற்கு கிராங்க் உட்கார்ந்திருக்கும் கேஸைப் பிளக்க வேண்டும். பிளந்தால் பேரிங், ஆயில் சீல், கேஸ்கட் எல்லாம் புதுசு. டேங்கையும் பிஸ்டனையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒரிஜினல் சாமானில் புது மிஷின் விலையில் பாதியைத் தாண்டுகிறது. மட்டமான கிராங்க் போட்டுக் கட்ட எனக்கு மனசில்லை. மரத்துக்கு நடுவில் இன்னொரு தடவை பிடித்துக்கொண்டால் சித்தப்பா ஒதுங்க இடம் இருக்குமா?

1 அக்டோபர், ஆயுத பூஜை

பிரித்துப் போட்ட சாமான்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தார் சித்தப்பா. பிரித்து விற்பதில் அவருக்குச் சம்மதமில்லை. “கஜாவுல சோறு போட்டதுடா இது” என்றார். எனக்கும் அதே வலிதான். ஐப்பசி மழையும் காற்றும் வரப்போகிறது, அதற்குள் நம்பி எடுக்கிற மாதிரி ஒரு மிஷின் கையில் வேண்டும் என்று அப்பா சொன்னதும் அமைதியாகிவிட்டார். அப்புறம் அவரே கேட்டார்: “சிலிண்டர் யாருக்குப் போகுது?”

5 அக்டோபர்

அதிராம்பட்டினத்துக்காரர் ஒருவரின் 382-ல் சிலிண்டர் பூச்சு உரிந்து கடையில் கிடந்தது. அதன் கிராங்க் நன்றாக இருக்கிறது. எங்கள் சிலிண்டரைப் புதுப் பிஸ்டனோடு அதில் ஏற்றினோம். சிலிண்டருக்குள் அழுத்தம் பார்க்கும் கேஜில் 150 பிஎஸ்ஐ காட்டியது. ஸ்டார்ட்டர் கயிற்றை முதலில் இழுத்தது சித்தப்பாதான். கிளட்ச், ஆயில் பம்ப் இரண்டையும் மெக்கானிக் அண்ணன் எடுத்துக்கொண்டார். பாரும் செயினும் எங்களுக்கு. கார்பரேட்டர், காயில், ஸ்டார்ட்டர் இன்னும் இருக்கு. கார்பரேட்டருக்கு டயஃப்ரம் கிட், அதாவது உள்ளே இருக்கும் சவ்வு செட், மாற்றித்தான் கொடுப்பேன். 382 வைத்திருக்கும் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.