படித்திறன் சேர்

எங்கள் கணக்கு வாத்தியார் படித்திறன் சேர் போன மார்கழியில் காலமானார். சொந்தப் பெயர் தேவையில்லை. பட்டப்பெயரைச் சொன்னாலே எங்கள் காலத்து ஆட்களுக்கு வாசலில் கேட்கும் அந்தச் செருமல் ஞாபகம் வரும்.

யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கத் தட்டைச் சுண்ணாம்புக்கல். மலையைப் படத்தில் மட்டும் பார்த்த எங்களுக்கு அவர் சரிவு காட்டியது பின்தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் துலாவில். படித்திறன் என்றால் சரிவின் அளவு, ஏறும் உயரத்தைக் கிடைத்தூரத்தால் வகுப்பது. இடமிருந்து வலமாக ஏறினால் படித்திறன் நேர், இறங்கினால் மறை, மட்டமாகக் கிடந்தால் பூச்சியம். "அப்ப துலாக்கொடிக்கு?" என்பார். நேர்குத்தாகத் தொங்கும் அந்தக் கயிற்றுக்குக் கிடைத்தூரம் பூச்சியம். பூச்சியத்தால் வகுக்க ஏலாது, ஆகவே அதற்குப் படித்திறனே இல்லை.

தவணைப் பரீட்சையில் (2, 3), (5, 9) என்று இரண்டு புள்ளிகள் தந்தார். அவருடைய முறை, பிந்தியதிலிருந்து முந்தியதைக் கழிப்பது: 9−3 ஐ 5−2 ஆல் வகுத்தால் 2. நான் மறுவளமாகக் கழித்தேன். 3−9, 2−5. −6 ஐ −3 ஆல் வகுத்தாலும் 2 தானே? மேலே ஒரு புள்ளியிலும் கீழே மற்றப் புள்ளியிலும் தொடங்கினால்தான் குறி புரண்டு −2 வரும். சேர் சிவப்புப் பேனாவால் வெட்டியிருந்தார். "விடை சரிதானே சேர்" என்றேன். மணி அடிக்கும்வரை வாங்கில், அதாவது பெஞ்சில், ஏற்றி நிற்க வைத்தார்.

அடுத்த நாள் வந்ததும் வராததுமாக இரண்டு முறையையும் கரும்பலகையில் எழுதி, "இவன் செய்ததும் சரி" என்றார். மார்க்ஸ் மட்டும் கடைசிவரை போடவில்லை!

லண்டனில் என் வேலையே சக்கர நாற்காலிச் சரிவுப் பாதைகளை அளப்பது. 10 மீட்டர் நீளமென்றால் 20க்கு 1க்கு மேல் ஏறக்கூடாது, 2 மீட்டருக்குள் என்றால் 12க்கு 1 வரை விடலாம். அடியில் ஒரு புள்ளி, உச்சியில் ஒரு புள்ளி, அவ்வளவுதான் கணக்கு. இன்றைக்கும் இரண்டு பக்கமிருந்தும் கழித்துப் பார்ப்பேன். கூட வேலை செய்பவர்களுக்குச் சிரிப்பு. இதைச் சேரிடம் சொல்ல நினைத்திருந்தேன்.

2014 இல் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியபின் ஊருக்குப் போனேன். கலியாணவீட்டு அலைச்சல். அவர் வீடு ஒழுங்கை முடக்கில்தான். கொண்டுபோன சொக்கிலேற்று முழுக்கச் சொந்தக்காரருக்கே முடிந்திருந்தது. வெறுங்கையோடு எப்படிப் போவது, சரி, அடுத்தமுறை பார்ப்போம் என்று கொழும்புக்கு ரயில் ஏறிவிட்டேன்.

வெளிநாட்டிலிருந்து யார் போனாலும், "வாங்கிலை நிண்டவன் எங்கை இப்ப?" என்று விசாரிப்பாராம். நான் வந்துபோனதைப் பிறகு யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.