லேபில் ரீடிங் மட்டும் எழுதிக்கொண்டு நிற்காதீர்கள்: பொறியியல் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து படிப்பது எப்படி

பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து கடைசி வைவா (வாய்மொழித் தேர்வு) வரை 'டீம் வொர்க்' என்று கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் சேர்ந்து வேலை செய்வதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஐந்து பேரை ஒரு மேசைக்கு அனுப்பிவிட்டால் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் என்ன ஆகிறது, அதை மாணவர்களே எப்படி மாற்றலாம் என்று எனக்குத் தெரிந்ததை, இந்த ஆண்டு முதல் வருடத்தில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) சேர்ந்தவள். எங்களுக்கு 2017 ரெகுலேஷன், அதாவது அந்த ஆண்டின் பாடத்திட்ட விதிமுறை. வகுப்பில் மெட்ரிக், சிபிஎஸ்இ மாணவர்கள் பாதிக்கு மேல். என்னைப் போல வீட்டில் முதல் பட்டதாரிகள் கொஞ்சம் பேர். காது சரியாகக் கேட்காத நண்பர் ஒருவரும் இருந்தார். இரண்டாம் வருடத்தில் பாலிடெக்னிக் முடித்தவர்கள் நேரடியாக வந்து சேர்ந்தார்கள். ஏறக்குறைய எல்லாக் கல்லூரி வகுப்பும் இப்படித்தான் இருக்கும். ஒரே அறையில் இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே படிப்பு கிடைத்துவிடுவதில்லை.

மெஷின்ஸ் லேபில் இதைக் கண்ணால் பார்க்கலாம். டிசி ஷன்ட் மோட்டாரில் லோடு டெஸ்ட் (சுமை கொடுத்து ஓட்டிப் பார்க்கும் சோதனை) என்று வைத்துக்கொள்ளுங்கள். கனெக்ஷன் கொடுக்க ஒருவர், ஸ்டார்ட்டரைத் தள்ள ஒருவர், பிரேக் டிரம்மில் பெல்ட்டை இறுக்க ஒருவர், டேக்கோமீட்டரில் வேகம் பார்க்க ஒருவர், ஓரமாக நின்று ரீடிங் எழுத ஒருவர். முதல் வாரம் யார் எந்த வேலையில் நிற்கிறார்களோ, செமஸ்டர் முடியும்வரை அங்கேயே நிற்பார்கள். ஏற்கெனவே வயரிங் தெரிந்த பையன் மெஷினுக்குப் போவான். கையெழுத்து நன்றாக இருக்கிற பெண்ணிடம் அப்சர்வேஷன் நோட்டு வந்துவிடும். ஆங்கிலத்தில் தயங்குகிற மாணவர் ஓர் அடி பின்னால் நிற்பார். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. சீக்கிரம் முடித்து மேடத்திடம் கையெழுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான் காரணம்.

ஆனால் செமஸ்டர் பிராக்டிகலில் சீட்டு எடுக்கும்போது ஆளுக்கொரு எக்ஸ்பெரிமெண்ட் வரும். மோட்டாரை ஸ்டார்ட் செய்யும்போது ஃபீல்டு ரியோஸ்டாட் (தடையைக் கூட்டிக் குறைக்கும் கருவி) குறைந்தபட்ச நிலையில் இருக்க வேண்டும், ஜெனரேட்டர் என்றால் அதிகபட்ச நிலையில் இருக்க வேண்டும் என்பது புத்தகத்தில் இரண்டே வரி. வருடம் முழுக்க நோட்டு எழுதியவருக்கு அந்த வரி மனப்பாடமாகத் தெரியும். ஆனால் ரியோஸ்டாட்டின் ஜாக்கியை, அதாவது நகரும் முனையை, எந்தப் பக்கம் தள்ளினால் தடை குறையும் என்று கை தடுமாறும். எழுதத் தெரிந்தும் செய்ய வராமல் மார்க் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்டர்வியூவில் 'நீங்களே கனெக்ஷன் கொடுத்திருக்கிறீர்களா' என்று கேட்டால் அவர்களுக்குப் பதில் இருக்காது.

ஐந்து பேர் கொண்ட எங்கள் லேப் பேட்ச்சில் இதற்காக ஒரு முறையை வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு எக்ஸ்பெரிமெண்டுக்கும் வேலை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு மாறும். இந்த வாரம் நோட்டு எழுதியவர் அடுத்த வாரம் கனெக்ஷன் கொடுப்பார். அப்புறம் ஒரு நிபந்தனை: நன்றாகத் தெரிந்தவர் வாயால் மட்டும் சொல்லலாம், கை வைக்கக் கூடாது. இரண்டாவதுதான் மிகவும் கஷ்டம். தெரிந்தவருக்குக் கை துறுதுறுக்கும்; 'நகரு, நான் பார்க்கிறேன்' என்று வயரைப் பிடுங்கத் தோன்றும். அங்கே பொறுத்துக்கொண்டால்தான் மற்றவர் கற்பார். பாதுகாப்புக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. சப்ளை போடும் முன் லேப் உதவியாளரோ மேடமோ கனெக்ஷனைச் சரிபார்த்தே ஆக வேண்டும். ஆரம்பத்தில் நாங்கள்தான் கடைசியாக முடித்தோம். போகப் போக நேரம் சரியானது. பிராக்டிகல் வந்தபோது எந்தச் சீட்டு வந்தாலும் பயமில்லை என்ற நிலைக்கு ஐந்து பேருமே வந்திருந்தோம்.

பாலிடெக்னிக் முடித்து நேராக இரண்டாம் வருடத்துக்கு வந்த லேட்டரல் நண்பர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எங்கள் வகுப்பு அதிகம் சம்பாதித்தது. அவர்களுடைய பதிவு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் 301இல் தொடங்கும். லேப் பேட்ச்சை எண் வரிசைப்படி பிரிப்பதால் அவர்கள் எல்லோரும் கடைசி பேட்ச்சில் ஒன்றாக விழுவார்கள். வகுப்பிலும் ஒன்றாகக் கடைசி பெஞ்சு. மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தும் பேசிக்கொள்ளாமல் போகிறவர்கள் உண்டு. இதில் இரண்டு பக்கமும் நஷ்டம். அவர்கள் சால்டரிங், வயரிங், மல்டிமீட்டர் எல்லாம் பழகி வந்தவர்கள். ஆனால் முதல் வருடக் கணிதம் இரண்டையும் படிக்காமல் நேராக மூன்றாம் செமஸ்டரில் ஃபூரியர் தொடரில் வந்து நிற்பார்கள். அங்கே பெர்னூலி சூத்திரம் போட்டுத் தொகையிட வேண்டும். ஒற்றைச் சார்பு, இரட்டைச் சார்பு பார்த்துப் பாதி வேலையை மிச்சப்படுத்த வேண்டும். பிளஸ் டூ முடித்து வந்த எங்களுக்கு அது பழக்கம். எங்களுக்கோ பிரெட்போர்டில் எந்தத் துளைகள் உள்ளுக்குள் இணைந்திருக்கின்றன என்பதே குழப்பம்.

ஆகவே எங்கள் லேப் பொறுப்பாசிரியரிடம் போய், பேட்ச்சைக் கலந்து போட முடியுமா என்று கேட்டோம். வருகைப் பதிவுக்குச் சிரமம் என்று முதலில் தயங்கினார், அப்புறம் ஒப்புக்கொண்டார். மாலையில் மரத்தடியில் கணக்கு, லேபில் வயரிங் என்று கொடுக்கல் வாங்கல் தொடங்கியது. ஒருவர் மட்டுமே கொடுத்துக்கொண்டும் மற்றவர் வாங்கிக்கொண்டும் இருந்தால் நட்பு நீடிக்காது, வாங்குகிறவருக்குக் கூச்சம் வந்துவிடும். இரண்டு பேரிடமும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகு கேள்வி கேட்க யாரும் வெட்கப்படவில்லை. உங்கள் வகுப்பில் லேட்டரல் நண்பர்கள் வந்தால் நீங்களே முதலில் போய்ப் பேசுங்கள். புதிதாக வருகிறவர் வந்து பேசட்டும் என்று காத்திருப்பது நியாயமில்லை.

சேர்ந்து படிப்பதன் பலன் வெளிநாட்டிலும் பார்க்கப்பட்ட விஷயம்தான். அமெரிக்காவில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1970களில் உரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர், கறுப்பின மாணவர்கள் பலர் கால்குலஸில் ஏன் தடுமாறுகிறார்கள் என்று அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். அவர்கள் உழைப்பில் குறைந்தவர்கள் இல்லை. பெரும்பாலும் தனியாக உட்கார்ந்து படித்தார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்கள் தனியாகப் போட்ட கணக்கை மாலையில் கூடி ஒருவருக்கொருவர் சரிபார்த்துக்கொண்டார்கள். ட்ரைஸ்மன் அதன் பிறகு பயிற்சிக் குழுக்களைத் தொடங்கினார். அவற்றில் எளிய கணக்கைத் திரும்பத் திரும்பப் போடவைக்கவில்லை. கடினமான கணக்கைக் கொடுத்துக் கூடிப் போடவைத்தார். தேர்ச்சி நன்றாக உயர்ந்தது.

இதில் 'கடினமான' என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். நம் கல்லூரிகளில் முதல் இன்டர்னல் முடிந்ததும் 'ஸ்லோ லேர்னர்' பட்டியல் போட்டு, அதில் உள்ளவர்களை மாலையில் தனியாக உட்காரவைத்து டூ மார்க் எழுதவைப்பார்கள். அந்தப் பட்டியலில் தமிழ் வழியில் வந்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். பெயர் நோட்டீஸ் போர்டில் ஏறிய மறுநாளிலிருந்து அவர்கள் வகுப்பில் வாய் திறப்பதில்லை. இரண்டு மதிப்பெண் கேள்வியை மட்டும் மனப்பாடம் செய்தால் எங்கள் ரெகுலேஷனில் பார்ட் ஏவின் இருபது மதிப்பெண்தான் கிடைக்கும். 13 மார்க், 15 மார்க் பெரிய கேள்விகள் கைக்கு வராமலே போகும். நன்றாகப் படிக்கிறவர்களோடு உட்கார்ந்து ஒரு மெஷ் அனாலிசிஸ் (மின்சுற்றில் மின்னோட்டம் காணும் முறை) கணக்கைத் தொடக்கம் முதல் முடிவு வரை போடுவதுதான் அவர்களுக்குத் தேவை. துறைத் தலைவரிடம் பேசும் வாய்ப்புக் கிடைத்தால் இதைக் கேளுங்கள்: மாலை வகுப்பு எல்லோருக்கும் திறந்திருக்கட்டும், பட்டியல் வேண்டாம்.

ஆங்கிலம் பற்றி நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். குழுவில் தமிழில் விவாதியுங்கள், விடையை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். புரிந்துகொள்ள ஒரு மொழி, தேர்வுக்கு ஒரு மொழி என்று இருப்பதில் தவறே இல்லை. என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் பாடங்கள் சிலவற்றுக்குத் தமிழாக்கமும் கிடைக்கிறது, தேடிப் பாருங்கள். ஆங்கிலம் நன்றாக வருகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒருவர் திக்கித் திணறிப் பேசும்போது வாக்கியத்தை நீங்கள் முடித்துவிடாதீர்கள். அவரே முடிக்கட்டும்.

இனி புராஜெக்ட், ஹேக்கத்தான். முடிவுகள் எந்த நேரத்தில் எங்கே எடுக்கப்படுகின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் இரவு ஒன்பது மணிக்குப் பையன்கள் ஹாஸ்டலில், இல்லையென்றால் கல்லூரி வாசல் டீக்கடையில். பெண்கள் ஹாஸ்டலில் மாலையே கேட் பூட்டிவிடுவார்கள். டே ஸ்காலர்கள் காலேஜ் பஸ் பிடிக்க ஓடிவிடுவார்கள். மறுநாள் காலை வந்தால் எல்லாம் முடிவாகியிருக்கும்; 'நீ பிபிடி பண்ணிடு' என்ற வேலைதான் மிச்சம். ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் ஆறு பேர் கொண்ட அணியில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஆனால் விண்ணப்பம் நிரப்பும் கடைசி நாளில் ஒரு தோழியைத் தேடிப் பெயர் சேர்க்கும் அணிகளை நேரில் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அழைக்கிறவர்கள் பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அழைக்க வேண்டும். அழைக்கப்படும் தோழிகள், எனக்கு எந்த மாட்யூல் (புராஜெக்ட்டின் எந்தப் பகுதி) என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

தனி ஒரு பெண்ணாக நிற்பது பற்றி ஒரு பழைய கதை. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940இல் அ. லலிதா மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். இளம் வயதிலேயே கணவரை இழந்து, கைக்குழந்தையோடு இருந்தவர். அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர். அடுத்து சிவில் பிரிவில் லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் வந்து சேர்ந்தார்கள். லலிதா இந்தியாவின் முதல் பெண் மின் பொறியாளர் என்று அறியப்படுகிறார். திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையில் தலைமைப் பொறியாளரானார். வகுப்பில் ஒரே பெண்ணாக இருப்பதற்கும் உடன் பேச இருவர் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம், மெக்கானிக்கல் பிரிவில் படிக்கும் தோழிகளுக்கு இன்றைக்கும் நன்றாகத் தெரியும். வகுப்பில் பெண்கள் நான்கைந்து பேர்தான் என்றால், அணிக்கு ஒருவராகப் பிரித்துப்போடாமல் ஓர் அணியில் இரண்டு பேராவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அணியில் அவர்கள் குரல் நிச்சயம் எழும்பும்.

எங்கள் புராஜெக்ட் குழுவில் கூட்டம் பகலில்தான், மதிய இடைவேளையில் அல்லது பஸ் கிளம்பும் முன். இரவு வாட்ஸ்அப்பில் யோசனை சொல்லலாம், முடிவு எடுக்கக் கூடாது. ரிவ்யூவுக்கு முதல் நாள் சீட்டுக் குலுக்கிப் போட்டு, யார் எந்தப் பகுதியை விளக்குவது என்று தீர்மானிப்போம். கோடு எழுதியவருக்கு ஹார்டுவேர் வரலாம், ரிப்போர்ட் எழுதியவருக்கு சர்க்யூட் வரலாம். அப்படி ஒரு சீட்டு வரும் என்று தெரிந்தால், ஆரம்பத்திலிருந்தே எல்லோரும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். இந்த ஒரு பழக்கத்தால் எங்கள் குழுவில் 'எனக்குத் தெரியாது, அவன்தான் பண்ணான்' என்ற பதில் கைடு முன்னால் வந்ததே இல்லை.

2020இல் ஊரடங்கு வந்தபோது இன்னொரு பிரிவினை தெரிந்தது. சிலருக்கு லேப்டாப், சிலருக்கு வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே போன். நேரலை வகுப்பைப் பார்க்க முடியாதவர்களுக்கு போர்டு கணக்குகளைப் படம் எடுத்து அனுப்பினோம், சாதாரண போன் காலில் விளக்கினோம். டேட்டா தீர்ந்தாலும் கால் பேசலாம் அல்லவா.

காது கேட்காத நண்பர் விஷயத்தில், அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டதுதான் உதவியது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். எனவே குழுவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும், அதுவும் அவர் முகத்தைப் பார்த்து. போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசும் ஆசிரியர்களிடம், பேசும்போது ஒரு நிமிடம் திரும்பிக்கொள்ளச் சொல்லி வகுப்புப் பிரதிநிதி மூலம் கேட்டோம், யாரும் மறுக்கவில்லை. வைவாவில் கேள்வியைத் தாளில் எழுதிக் கொடுக்கும்படி முன்கூட்டியே சொல்லிவைத்தோம். ஒருவர் மட்டுமே பேச வேண்டும் என்ற பழக்கத்தால், அதுவரை குரல் உயர்த்தத் தெரியாமல் ஒதுங்கியிருந்த இருவருக்கும் குழுவில் பேச இடம் கிடைத்தது.

மாற்றுத்திறனாளி மாணவர்கள் கவனிக்க: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாத இட ஒதுக்கீடு உண்டு. எழுதுவதில் சிரமம் உள்ளவர்கள், உதவியாளர் வைத்து எழுதத் தகுதியானவர்கள் தேர்வில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் கேட்கலாம். மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடும். தேர்வு நெருங்கும்வரை காத்திருக்காதீர்கள். செமஸ்டர் தொடங்கியதுமே மருத்துவச் சான்றிதழின் நகலோடு கல்லூரித் தேர்வுப் பிரிவில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அப்படி ஒரு மாணவரின் நண்பர் என்றால், அந்த அலுவலகத்துக்கு அவரோடு கூடவே போங்கள்.