பெண்கள் வார்டும் திருவிருந்து மேசையும்

மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் 26 வருடம் பைபிள் உமனாக இருந்தேன். காலையில் பெண்கள் வார்டில் கட்டில் கட்டிலாகப் போய் உட்காருவேன். கேட்டால் சங்கீதம் வாசிப்பேன், ஜெபிப்பேன். துணைக்கு ஆள் இல்லாதவர்களுக்குக் கஞ்சி வாங்கிக் கொடுப்பேன். குருமாருக்கான சபை ஒழுங்குகள் மாறலாமா என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வார்டில் ஒரு கட்டில்தான்.

இடவப்பாதி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த வாரம் அது. திருவட்டார் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்திருந்தார். வயிற்றில் கட்டி. இனி ஆபரேஷன் செய்து பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்துக் கட்டிலில் ஒரு கத்தோலிக்கப் பெண். அவருக்கு மடத்திலிருந்து ஓர் அருட்சகோதரி தினமும் நற்கருணை, அதாவது இயேசுவின் கடைசி விருந்தை நினைத்துக் கொடுக்கும் அப்பம், கொண்டுவருவார். கழுத்தில் தொங்கும் சின்ன டப்பியைத் திறந்து, ஒரு ஜெபம் சொல்லி, அப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். பாட்டி இரண்டு நாள் அதைப் பார்த்தபடியே படுத்திருந்தார். மூன்றாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கும் ராப்போசனம் தா மக்ளே” என்றார். நற்கருணையைத்தான் நாங்கள் ராப்போசனம் என்றும் திருவிருந்து என்றும் சொல்வோம்.

என்னால் தர முடியாது. நாங்கள் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. அதில் குருப்பட்டம் பெற்ற ஆயர், அதாவது சபைப் போதகர்தான் திருவிருந்து நடத்த வேண்டும். “ஆயரைக் கூட்டிட்டு வாறேன் பாட்டி” என்று சொல்லிப் போன் செய்தேன். அவர் பொறுப்பில் ஆறு சபைகள். அன்று ஒரு சபையில் அடக்க ஆராதனை, மறுநாள் ரோட்டில் வெள்ளம். அவர் வந்து சேர்ந்தபோது அந்தக் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். கையில் திருவிருந்துப் பெட்டியோடு வெகுநேரம் அங்கேயே நின்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஓடி ஓடி உழைத்த மனிதர்.

அந்த அருட்சகோதரியின் கத்தோலிக்கத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பதில்லை. கொடுக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று போப் இரண்டாம் ஜான் பால் 1994-ல் எழுதியும் விட்டார். ஆனால் திருப்பலியில் குருவானவர் அர்ச்சித்த அப்பத்தை, நியமனம் பெற்ற பொதுநிலையினர், அதாவது குருப்பட்டம் இல்லாத சபையார், நோயாளிகளுக்கு எடுத்துப்போக அவர்கள் சபை 1973-லேயே வழி செய்துவிட்டது. எங்கள் சி.எஸ்.ஐ. 1976-ல் பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்த சபை. 2013-ல் நந்தியாலில் ஒரு பெண், ஆயர்களுக்கெல்லாம் மேலே இருக்கும் பேராயரே (பிஷப்) ஆனார். அப்படிப்பட்ட சபையில் இருந்துகொண்டு நான் ஒரு துண்டு அப்பத்தை வார்டுக்குக் கொண்டுபோக வழியில்லை. எங்கள் பக்கம் அந்த வழக்கமே இல்லை.

பின்னொரு நாள் ஆயரிடம் இதை மனம்விட்டுப் பேசினேன். அவர் சொன்ன காரணத்தைத் தள்ளிவிட முடியாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு தகர ஷெட் போட்டு, மைக் பிடித்தவரெல்லாம் பாஸ்டர் ஆகிவிடுகிறார். அவரைக் கேள்வி கேட்க மேலே ஆளில்லை. குருப்பட்டம் என்பது மந்தைக்கு ஒரு வேலி, அதைப் பிடுங்கிவிட்டால் ஆடுகளுக்குத்தான் நஷ்டம் என்றார். சரிதான். அந்த வேலி எனக்கும் வேண்டும். நாங்கள் நம்புவதைச் சொல்லும் விசுவாசப் பிரமாணத்திலும் ஒரு சொல்லைக்கூட மாற்ற எனக்குச் சம்மதமில்லை. “மரித்தோர் உயிர்த்தெழுதலும்” என்ற வரியைச் சாகக் கிடப்பவர்களின் காதருகே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். காலத்துக்கு ஏற்றபடி அதையும் தளர்த்தலாம் என்று சொல்பவர்கள், ஒரு ராத்திரி அந்தக் கட்டில்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஆனால் அப்பத்தை யார் சுமந்து போவது என்பது பிரமாணத்தில் இல்லை. அது ஒழுங்கு. ஒழுங்கு நம் ஊரிலேயே மாறியிருக்கிறது. 1806-ல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி நம் மாவட்டத்து மயிலாடிக்கு வந்தார். அவர் லூத்தரன், அனுப்பியது எல்.எம்.எஸ். என்ற லண்டன் மிஷனரி சொசைட்டி. அந்த மிஷன் வளர்த்த சபைகளில் பேராயர் என்ற பதவியே கிடையாது. 1947 செப்டம்பர் 27-ல் சி.எஸ்.ஐ. உருவானபோதுதான் நமக்குப் பேராயர் வந்தார். இன்றைக்கு அவர் இல்லாத சபையை நினைத்துப் பார்க்க முடிகிறதா? என் தாத்தா காலத்தில் அவர் புதுமை, எங்களுக்கு அவரே பாரம்பரியம். பெண் ஆயர் என்றதும் முகம் சுளிக்கும் பெரியவர்களிடமும் இதைத்தான் சொல்வேன். அவர்கள் வேதத்துக்குப் பயந்து பேசுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கல்லறையிலிருந்து முதல் செய்தியைச் சீஷரிடம் கொண்டுபோனது மகதலேனா மரியாள் அல்லவா?

நான் கேட்பது சின்ன காரியம். மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனையில் ஆயர் பிரதிஷ்டை செய்த அப்பத்தையும் திராட்சரசத்தையும், சபை நியமிக்கும் ஒருவர் அன்றைக்கே நோயாளிகளுக்குக் கொண்டுபோகட்டும். பெண்ணும் போகலாம். வேலி அப்படியே இருக்கும், அதில் ஒரு வாசல் மட்டும் வைக்கச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது இருக்கும் ஆயர் இளைஞர். போன முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், “படுக்கையில இருக்கிறவங்க பேரையெல்லாம் எழுதித் தாங்கம்மா, கமிட்டியில வைக்கிறேன்” என்றார். அப்புறம் நான் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. ஆலயத்துப் பெஞ்சிலேயே உட்கார்ந்து பதினொரு பெயர் எழுதிக் கொடுத்தேன்.