அப்பாவின் பழைய வேட்டி

மகளுக்கு மூன்று மாதமானபோது கணக்குப் பார்த்தேன். நாளைக்கு 6 டயப்பர், ஒன்று 12 ரூபாய். மாதம் 2,160 ரூபாய். பணத்தைவிட, எங்கள் கிருஷ்ணகிரி வீட்டுக் குப்பைக்கூடை நிறைந்த வேகம்தான் உறுத்தியது. அந்த பிளாஸ்டிக் எளிதில் மட்காது.

அப்பாவின் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, முக்கோணமாக மடித்துக் கட்டக் கற்றுக்கொடுத்தார் அம்மா. பகலில் அதுதான். இரவுக்கு 5 துணி டயப்பர்கள் வாங்கினேன். உள்ளே வைக்கும் பட்டைகள் நான்கைந்து முறை துவைத்த பிறகே நன்றாக உறிஞ்சின. துணியை மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்கவே கூடாது. ஈரம் உறிஞ்சுவது குறைந்துவிடும். வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை, மாடியில் மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது.

தர்மபுரிக்குப் பஸ்ஸில் போகும்போது மட்டும் கடை டயப்பர். அதையும் தாளில் சுற்றித் தனியாகவே கொடுக்கிறேன். தூய்மைப் பணியாளர் அம்மா வெறுங்கையால் குப்பையைப் பிரிப்பதை ஒருநாள் பார்த்துவிட்டேன்.