மூன்றாம் வரிசை: சேலத்துக் கல்லும் செம்பருத்திச் சாறும்

தனிம அட்டவணையின் மூன்றாவது வரிசையில் எட்டுத் தனிமங்கள்: சோடியம், மெக்னீசியம், அலுமினியம், சிலிக்கான், பாஸ்பரஸ், கந்தகம், குளோரின், ஆர்கான். எட்டையும் சேலத்தைச் சுற்றியே திரட்டி ஒரு மரப்பெட்டியில் அடுக்க வேண்டும் என்று இறங்கினேன். சுத்தமான மாதிரிகளைக் காசு கொடுத்து வரவழைப்பதில் எனக்கு ஆசையில்லை. நம்ம ஊர்க் கல்லிலும் கடைச்சரக்கிலும் ஒரு தனிமம் எந்தக் கோலத்தில் இருக்கிறதோ, அந்தக் கோலத்திலேயே வேண்டும்.

பாதி அறைகள் சீக்கிரம் நிறைந்துவிட்டன. சோடியத்துக்கும் குளோரினுக்கும் கல்லுப்பு. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரினையும் காஸ்டிக் சோடாவையும் பிரிக்கிற தொழில் பக்கத்து மேட்டூரிலேயே உண்டு. பாஸ்பரஸுக்குத் தீப்பெட்டியின் உரசும் பட்டை. சிவப்பு பாஸ்பரஸ் இருப்பது அதில்தான், குச்சியின் மருந்தில் அல்ல. கந்தகம் நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. ஆர்கானுக்கு, அந்த வாயு அடைத்த பழைய குண்டு பல்பு. சிலிக்கானுக்குக் கஞ்சமலை அடிவாரத்து வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்). அங்கே காந்தத்தில் ஒட்டுகிற கருங்கல்லும் கிடைத்தது. அது இரும்புக் கல், நாலாம் வரிசைக்காரன், எடுத்துத் தனியாக வைத்தேன்.

மெக்னீசியத்தில்தான் வேலை சூடு பிடித்தது. மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் வெள்ளை வெளேரென்று கிடக்கும் கல், மெக்னீசியம் கார்பனேட். பார்வைக்குச் சுண்ணாம்புக்கல் மாதிரியே இருக்கும், குணம் வேறு. சுண்ணாம்புக்கல்லின் அதே சரக்கான முட்டை ஓட்டில் வினிகர் ஊற்றினால் உடனே நுரைக்கிறது. இந்தக் கல்லோ சும்மா கிடக்கிறது. நன்றாக இடித்துப் பொடியாக்கி, வினிகரைச் சூடாக்கி ஊற்றிய பிறகுதான் ஊசிமுனை அளவில் குமிழிகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

அதைச் சுட்டுப் பார்க்க ஆசை. கார்பனேட் முழுசாகச் சிதைய 700 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், வீட்டு அடுப்புக்கு அது எட்டாது. செவ்வாய்ப்பேட்டையில் மாமாவுக்கு வெள்ளிப் பட்டறை இருக்கிறது. வெள்ளி உருகுவதே 962 டிகிரியில்தான். "கொலுசுக்கு வெள்ளி உருக்குற மூசையில கல்லைப் போடச் சொல்றியே மாப்ள" என்று சலித்துக்கொண்டாலும், ஒரு பழைய மூசையை எடுத்துக் கொடுத்தார். எடை பார்த்ததும் அவருடைய தராசில்தான். 50 கிராம் பொடி உள்ளே போனது. வெளியே வந்தது 26 கிராம், தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. சுத்தமான மெக்னீசியம் கார்பனேட்டாக இருந்தால் கணக்குப்படி 24 கிராமே மிஞ்ச வேண்டும். பாதிக்கு மேல் கரியமில வாயுவாகப் போய்விடும். கூடுதல் 2 கிராம் கல்லோடு சேர்ந்த சிலிக்காவாக இருக்கலாம், அல்லது நடுவில் சரியாக வேகாத பொடியாக இருக்கலாம். மாமா தராசை இரண்டு தரம் சரிபார்த்தார். பட்டறையில் சேதாரம் என்றால் மில்லிகிராமில் பேசுகிறவர் அவர், கண்ணெதிரே பாதி எடை காணாமல் போனதை அவரால் நம்ப முடியவில்லை.

மூசையில் மிஞ்சியது மெக்னீசியம் ஆக்சைடு. இந்த ஆக்சைடு எனக்கு எதற்கு? தனிம அட்டவணையை வகுத்த ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 1871-ல் வெளியிட்ட அட்டவணையில் ஒவ்வொரு பத்தியின் தலையிலும் ஆக்சைடின் வாய்ப்பாட்டைப் போட்டிருந்தார். ஒரு தனிமம் எத்தனை ஆக்சிஜனோடு சேரும் என்பதே அதன் இடத்துக்கு ஒரு சாட்சி. வரிசையில் இடமிருந்து வலமாகப் போகப் போக ஆக்சைடின் குணம் காரத்திலிருந்து அமிலத்துக்கு மாறும். அதைக் கண்ணால் பார்க்கச் செம்பருத்தி இதழை வெந்நீரில் ஊறவைத்த சாறு போதும்.

சுட்டெடுத்த மெக்னீசியம் ஆக்சைடைத் தண்ணீரில் கலக்கி இந்தச் சாற்றை விட்டேன்: பச்சை, அதாவது காரம். மொட்டை மாடியில், காற்று வீசுகிற பக்கமாக நின்றுகொண்டு துளிக் கந்தகத்தை எரித்து, சாற்றில் நனைத்த தாளைப் புகையில் காட்டினேன்: சிவப்பு, அதாவது அமிலம். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிவப்பும் வெளுத்தது. வெளுக்க வைப்பது கந்தக டைஆக்சைடின் தனிக் குணம். (நெடி நெஞ்சை அடைக்கும், வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.)

இரண்டுக்கும் நடுவே அலுமினியம். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த பரிசோதனை இதுதான். அலுமினிய உப்பான படிகாரத்தைக் கரைத்து, காஸ்டிக் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வெள்ளையாக, கஞ்சி ஆடை மாதிரி ஒன்று திரளும். அது அலுமினியம் ஹைட்ராக்சைடு. அதை இரண்டு கண்ணாடி டம்ளரில் பிரித்தேன். ஒன்றில் வினிகர் விட்டுக் கலக்கினேன். கலங்கல் போய்த் தெளிந்தது. மற்றதில் இன்னும் காஸ்டிக் சோடா விட்டேன், அதுவும் தெளிந்தது! அமிலத்திலும் கரைகிறது, காரத்திலும் கரைகிறது. மருந்துக் கடையில் விற்கும் மில்க் ஆஃப் மக்னீசியாவை இதேபோல் இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் வினிகரில் மட்டும் கரையும், காரத்தில் அப்படியே நிற்கும். அட்டவணையில் ஒரே ஒரு கட்டம் நகர்ந்ததில் இவ்வளவு வித்தியாசம். காஸ்டிக் சோடா கையையும் கண்ணையும் பொசுக்கிவிடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும், தண்ணீரில்தான் அதைப் போட வேண்டும், அதன் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

அலுமினிய அறையில் நான் வைத்திருக்கும் தாதுக்கல்லான ஏற்காட்டுச் செம்பழுப்பு பாக்சைட்டிலிருந்து அலுமினியம் எடுக்க முடிவதும் இந்த இரட்டைக் குணத்தால்தான். சேர்வராயன் மலையின் பாக்சைட் மேட்டூர் ஆலைக்குப் போன காலம் உண்டு. சூடான காஸ்டிக் சோடாவில் அலுமினியம் கரைந்துவிடும். கல்லுக்கு நிறம் கொடுக்கும் இரும்பு கரையாமல் செஞ்சேறாகத் தங்கிவிடும். வடித்தெடுத்த அலுமினாவை (அலுமினியம் ஆக்சைடு) மின்சாரத்தால் பிரிக்கும் வழியை 1886-ல் அமெரிக்காவின் ஹாலும் பிரான்சின் ஹெரூல்ட்டும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். பாக்சைட்டைக் கரைக்க அழுத்தமும் கொதிநிலைக்கு மேற்பட்ட சூடும் வேண்டும், அதனால் அதை வீட்டில் தொடப் போவதில்லை. என் பெட்டியில் கல் கல்லாகவே இருக்கிறது.

அடுத்தது நாலாம் வரிசை. கால்சியமும் இரும்பும் கையில் இருக்கின்றன. குரோமியத்துக்கும் நிக்கலுக்கும் சேலம் உருக்காலையின் எவர்சில்வர் தகடு. செம்புக்கு மயில்துத்தம், போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லிக்காகத் தோட்டக்காரர்கள் வாங்குவதுதான். ஸ்காண்டியத்துக்குத்தான் ரொம்ப யோசித்தேன். பாக்சைட்டின் செஞ்சேற்றில் அது பொதுவாகவே துளியளவு இருக்கும் என்பதால், ஏற்காட்டுக் கல்லில் இன்னொரு சில்லை உடைத்து அந்த அறையில் வைத்திருக்கிறேன்.