மதிலுக்கு மேலே ஒரு சைக்கிள்

லண்டன் மாமாவின் பெட்டி வந்தால் எங்கள் வீட்டில் சொக்கிளேற்றுக்குத்தான் அடிபாடு நடக்கும். இந்த முறை திறந்தால் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சில்லு. கூடவே பிள்ளைகளின் மூன்று சில்லுச் சைக்கிளில் கழற்றியது போல இன்னொன்று. "பென்னி ஃபார்திங் மருமோன். பழைய மொடல், புதுசாய்ச் செய்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்கை நீ ஓடிக் காட்டவேணும்" என்றார் மாமா. அந்தக்கால இங்கிலாந்தில் பென்னி பெரிய காசு, ஃபார்திங் அதில் கால்வாசி மதிப்புள்ள குட்டிக் காசு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்தச் சைக்கிள்தான்.

பூட்டுவதற்குச் சந்திச் சைக்கிள் கடை அண்ணையைக் கூட்டி வந்தேன். பெட்டியைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.

"செயின் எங்கை?"

"இல்லை அண்ணை. பெடல் முன் சில்லின்ரை அச்சிலைதான்."

"காத்து எதுக்காலை அடிக்கிறது?"

"முழு ரப்பர். டன்லப் காத்து ரயர் கொண்டுவந்தது 1888இலை. இது அதுக்கு முந்தின சாதி."

அண்ணை ஸ்பனரைக் கீழே வைத்துவிட்டார். "பஞ்சராகாத சைக்கிளைப் பூட்டித் தந்து என்ரை பிழைப்பிலை நானே மண் போடவோ?"

பிளேன்ரீ குடித்த பிறகு மனம் இரங்கினார். அதற்குள் நான் இடப்பக்கப் பெடலோடு அரை மணித்தியாலம் மல்லுக்கட்டியிருந்தேன். அதை மறுவளமாக முறுக்க வேண்டும் என்று அவர் சொன்னது எல்லாம் முடிந்த பிறகுதான். அப்பா கதிரையில் இருந்தபடி, "டைனமோ எங்கை பூட்டுறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட மனுசன். டைனமோ இல்லாதது அவருக்குச் சைக்கிளே இல்லை.

செயின் இல்லாததால் பெடல் ஒரு சுற்று என்றால் சில்லும் ஒரு சுற்றுத்தான். வேகம் வேண்டுமென்றால் சில்லைப் பெரிதாக்க வேண்டும். கால் எட்டுமட்டும் பெரிதாக்கலாம். எங்களுடையது 50 அங்குலம். ஒரு சுற்றுக்கு நாலு மீற்றர் போகும். இதே அளவுச் சில்லோடு 1884இல் சான்பிரான்சிஸ்கோவில் வெளிக்கிட்ட தோமஸ் ஸ்டீவன்ஸ் உலகத்தைச் சுற்றி 1886இல் ஜப்பானின் யோக்கஹாமா போய்ச் சேர்ந்தார். எனக்கு எங்கள் வளவைச் சுற்ற ஒரு கிழமை.

ஓடுவதை விட ஏறுவதுதான் பாடு. பின் சில்லுக்கு மேலே ஒரு சின்ன மிதி இருக்கிறது. இடக்காலை அதில் வைத்து, வலக்காலால் நிலத்தை உந்தி உந்தி, வேகம் வந்ததும் எழும்பி முன்னுக்குத் தாவி சீற்றில் இருக்க வேண்டும். நான் தாவும்போது சைக்கிள் வேறு பக்கம் போகும். கடைசியில் மாமரத்துக் கொப்பில் தொங்கி, அப்பா சைக்கிளைக் கீழே தள்ளிக்கொண்டு வர, மேலே இறங்கினேன். அப்படியே கேற்றால் ஒழுங்கைக்கு வந்துவிட்டேன்.

அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஊரில் மதில் எல்லாம் ஆறடி. என் கண் ஏழடியில். பரம்பரை பரம்பரையாக வேலி அடைத்துக் காத்த இரகசியம் எல்லாம் வரிசையாகத் திறந்து கிடந்தது. இந்த வருசம் காய்க்கவே இல்லை என்று சொன்ன வீட்டில் முருங்கை முறியக் காய்த்திருந்தது. கிணற்றடியில் இருந்து யாரோ, "ஆரடா அது எட்டிப் பாக்கிறது!" என்று கத்தினார்கள். நான் பாக்கவில்லை, சைக்கிள் பாக்கிறது என்று எப்படிச் சொல்வது?

அடுத்த மதிலுக்கு அங்காலே, மூன்று வருசமாகக் காணாமல் போயிருந்த எங்கள் ஏணி. அப்பாவின் இனிஷல் சிவப்பு எழுத்தில்.

"அன்ரி, உது எங்கட ஏணியெல்லோ?" என்றேன். அன்ரி நிமிர்ந்து பார்த்து, "முருகா!" என்றா. நின்று கதைக்க நினைத்துப் பிறேக்கைப் பிடித்தேன். இந்தச் சைக்கிளில் ஆளின் பாரம் அநேகமாக முன் அச்சுக்கு நேரே மேலேதான். முன் சில்லு நின்றால் மற்றதெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு முன்னுக்கு வரும். வந்தது. நல்ல காலம், விழுந்தது கொத்திப் போட்டிருந்த வெங்காயத் தறைக்குள். செம்மண் வாய்க்குள்ளும் போனது.

அடுத்த நாள் விடியவே அன்ரி ஏணியோடு கேற்றடியில் நின்றா.

"உந்தக் கோதாரியிலை ஏற உனக்கு உதவும் எண்டு அங்கிள் தந்துவிட்டவர் தம்பி. பழகி முடிய மறக்காமல் திருப்பித் தா."

வாங்கினேன். அப்பாவின் இனிஷல் இருந்த இடத்தில் பச்சைப் பெயின்ற் கையில் ஒட்டியது.