தாலுகா ஆபீஸ் உருது

ஜமாபந்தி நோட்டீஸ் கண்ணுல பட்டுச்சு, அதுல பாதி வார்த்தை உருது வழியா வந்ததுதான். ஜமான்னா அரபில மொத்தம், பந்தி பாரசீகம், வரிக்கணக்கைக் கட்டி முடிக்கிறது. தாசில்தாரும் இதே கூட்டணி, தஹ்ஸீல்னா வசூல், தார்னா அதை வச்சிருக்கிறவர். பசலின்னா அறுவடை, அதை வச்சு வந்த வருவாய்த்துறை கணக்கு வருஷம்தான் பசலி வருஷம், ஜூலை 1ல தொடங்குது, 2024 ஜூலைல ஆரம்பிச்சது பசலி 1434. ஆற்காட்டு நவாப் கச்சேரி, அதாவது அரசாங்க ஆபீஸ், பாரசீகத்துல நடந்துச்சு, வெள்ளைக்காரனும் அந்த வார்த்தைங்களை அப்படியே வச்சுக்கிட்டான், நாமளும்தான். எனக்குப் பிடிச்சது ஜமீனும் ஜாமீனும்... கேக்க அண்ணன் தம்பி மாதிரி, ஆனா சொந்தமே இல்ல! ஜமீன் பாரசீகம், நிலம். ஜாமீன் அரபி, பொறுப்பேத்துக்கிறவர். நிலத்தகராறு முத்திப்போனா ரெண்டும் ஒரே கோர்ட்டுக்கு வந்துடும் 😄